மன்றாட்டுப் பெட்டி

தேவாலயப் பங்கில் அவருக்கு 'ஏழாம் நிலை' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். செபத்துக்கு ஏழு நிலைகள் உண்டென்றும், ஆறைத் தாண்டிக் கொஞ்சகாலம் ஆகிறதென்றும் சனிக்கிழமைத் தியான வகுப்பில் அவரே அடக்கத்தோடு சொல்லியிருந்தார். கண்மூடி உட்கார்ந்தால் நாற்பது நிமிடம். இருபதாவது நிமிடத்தில் வருவது குறட்டை என்பது மனைவியின் கட்சி. ஆழ்ந்த மூச்சு என்பது அவர் கட்சி.

"கேக்குறதெல்லாம் முதல் நிலை. பாலர் வகுப்பு" என்பார். போன வருடம் பங்குப் பேரவையில் அப்படிப் பேசித்தான் பீடத்தருகே இருந்த மன்றாட்டுப் பெட்டியை எடுக்க வைத்தார். ஜனங்கள் சீட்டெழுதிப் போடுவதும், ஞாயிறு பூசையில் சாமியார் வாசிப்பதும் நின்றன. "கடவுள் என்ன, மனு வாங்குற ஆபீசரா?" என்று கேட்டபோது கைதட்டல்கூட வந்தது.

இன்று காலை மகளை அறுவை அறைக்குள் கொண்டுபோனார்கள். மூளையில் கட்டி. மருத்துவர் "பார்ப்போம்" என்றார். வெளியே நாற்காலியில் அவர் கண்ணை மூடினார். தியானமும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை.

"சும்மா உக்காந்திருக்கீங்களே, ஏதாவது கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"கேக்கத்தான் பாக்குறேன். வாய் வரல."

"அப்ப எழுதியாவது போட்டுட்டு வாங்க."

எதில் போடுவது என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அவள் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள். திட்டியிருந்தால் தேவலை.

கோயில் இரண்டு தெரு தள்ளி. கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் சாமான் அறையைத் திறந்துவிட்டார். துடைப்பங்களுக்குப் பின்னால் பெட்டி. அதன்மேல் தரைத்துணி காய்ந்துகொண்டிருந்தது.

மருந்துக்கடைச் சீட்டின் பின்பக்கம் எழுதினார். 'உமது திருவுளத்தின் மறைபொருளில்...' அடித்தார். 'சரணடைந்த ஆன்மாவின்...' அதையும் அடித்தார். மிஞ்சிய இடத்தில், 'என் பிள்ளையக் காப்பாத்து.' மடித்துப் போட்டார். உள்ளே காகிதத்தின்மேல் காகிதம் விழுந்த சத்தம்.

"பழைய சீட்டெல்லாம் உள்ளயேவா இருக்கு?"

"பெட்டிய எடுக்கச் சொன்னீங்க, எடுத்துட்டேன். சீட்டப் பத்தி யாரும் சொல்லலையே."

"திறங்க. எல்லாத்தையும் வாசிக்கச் சொல்லுவோம்."

"சாவி உங்ககிட்டதான ஐயா? இனி யாரும் திறக்கக்கூடாதுன்னு வாங்கிட்டுப் போனீங்களே."

வாங்கினார்தான். பழைய இரும்போடு போட்டும்விட்டார்.

"உடைச்சிடலாமே?"

"கோயில் சாமான்ல கை வைக்கப் பேரவைத் தீர்மானம் வேணும். அதுவும் நீங்க கொண்டுவந்ததுதான்." பிறகு, "பிள்ளை பேர் எழுதினீங்களா?"

"இல்ல."

"விடுங்க. ஆண்டவருக்குத் தெரியாததா? நீங்களே அடிக்கடி சொல்லுவீங்களே." கிண்டல் இல்லை. மனுஷன் ஆறுதலாகத்தான் சொன்னார்.

கைபேசி அடித்தது. மனைவி.

"இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகுமாம். போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"வாசிப்பாங்கல்ல?"

கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் குலுக்கினார். எல்லாச் சீட்டும் ஒன்றாகச் சலசலத்தன. அதில் எது தன்னுடையதென்று அவருக்குத் தெரியவில்லை.