கேரியர்

கம்பைநல்லூர் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த தாவூதுக்கு இங்கிலீஷில் தெரிந்ததெல்லாம் சைக்கிள் சாமான்களின் பெயர்கள்தான். அதனால், பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி ஹாஜிராவுக்கு வந்த கடிதத்தைப் பிரித்ததும் ஒரே ஒரு சொல் அவனுக்குப் பிடிபட்டது.

"உன்னை கேரியர்னு எழுதியிருக்காங்க," என்று சிரித்தான்.

ஹாஜிரா சிரிக்கவில்லை. அந்தக் கடிதத்துக்காக நான்கு மாதம் காத்திருந்தவள் அவள். அவளுடைய அண்ணன் காசிமுக்குச் சுன்னத்து செய்தபோது மூன்று நாள் ரத்தம் நிற்கவில்லை. சுன்னத்து செய்த ஒஸ்தாவின் கைதான் சரியில்லை என்று சொல்லி, அந்த மனிதரை ஊரைவிட்டே விரட்டினார்கள். அவளுடைய தாய்மாமன் பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காமல் செத்துப்போனார். அதற்கும் யாரோ ஒருவருடைய கை பழி சுமந்தது. மாலை வகுப்புக்குப் போய்ப் பத்தாவது எழுதிய ஹாஜிரா, யார் யாருக்கு எப்போது ரத்தம் நிற்கவில்லை என்று நோட்டில் கோடு போட்டு எழுதினாள். தப்போ என்று அழித்தாள், மறுபடி எழுதினாள். அதைப் பார்த்த டாக்டர்தான் அவள், அவள் அம்மா, காசிம் மூவருக்கும் ரத்தம் எடுத்து, பரம்பரையாக வருகிறதா என்று சோதித்தார். அவளுடைய நாலு வயது மகன் காஜாவையும் கூட்டி வரச் சொன்னார். பேரன் மேல் ஊசி படக் கூடாது என்று மாமியார் அஸ்கரி பேகம் அப்போது தடுத்துவிட்டாள்.

தன் இங்கிலீஷை நம்பாமல் அகராதியை வைத்துக்கொண்டு கடிதத்தை மூன்று முறை படித்தாள் ஹாஜிரா. பிறகு சொன்னாள்: கேரியர் என்றால் சுமப்பவள், ரத்தம் உறையாத கோளாறு அவள் வழியாக வருகிறது, ஆண் பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி, கத்தி வைக்கும் முன்னால் காஜாவின் ரத்தத்தைப் பார்த்தே ஆக வேண்டும். காஜாவுக்குச் சுன்னத்து வரும் வெள்ளிக்கிழமை.

"சீக்கு ஏத்திக்கிட்டு வந்த கேரியரை நம்ம தலையில கட்டிட்டாங்க," என்றாள் அஸ்கரி பேகம். அதோடு விடவில்லை. நாற்பது வூட்டுக்குச் சொல்லியாகிவிட்டது, சுன்னத்து நிற்காது, வேண்டுமானால் இவள் பென்னாகரத்துக்கே, தாய் வீட்டுக்குப் போகட்டும், பிள்ளை இங்கே இருக்கட்டும் என்றாள்.

எதையும் இரண்டு முறை யோசித்துப் பேசுகிற ஹாஜிரா அன்று யோசிக்கவில்லை.

"ஊசி படக் கூடாதுன்னீங்க மாமி. கத்தி படலாமுங்களா?"

பிறகு புருஷனிடம் திரும்பினாள். "ஏங்க, எத்தனை சைக்கிளுக்கு கேரியர் மாட்டியிருப்பீங்க. ஒரு கேரியராவது தானா மூட்டையை ஏத்திக்கிச்சுங்களா?"

தாவூது கையிலிருந்த ஸ்பேனரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கடிதத்தை நோட்டுக்குள் வைத்து, காஜாவைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். கட்டிலில் லேசாக இடித்ததற்கே பிள்ளையின் முழங்கால் நீலம் பாரித்திருந்தது. தாவூதின் பார்வை அங்கே போய் நின்றது.

"வெள்ளிக்கிழமை இல்லேன்னு எல்லா வூட்டுக்கும் சொல்லி அனுப்பிடுங்கம்மா," என்றான்.

சைக்கிளை வெளியே எடுத்து, துண்டால் கேரியரைத் துடைத்தான். "ஒக்காரு. ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் ஸ்டாண்டுல வுடறேன்."

ஹாஜிரா உட்காரவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் விடுவிடுவென்று நடந்தாள். தாவூது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே வந்தான். கேரியர் காலியாகவே வந்தது.