இடி இல்லாத நாள்

அப்புத்துரையின் தொடைக் கட்டை அவிழ்த்து மருந்து வைக்கும்போதெல்லாம் அன்னபாக்கியத்துக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வரும். காட்டுப்பன்றி கிழித்த காயம். கிளிநொச்சி ஆசுப்பத்திரியில் ஒன்பது தையல். பன்றி பாய்ந்தபோது மனிதர் கையில் வெடிமருந்து நிரப்பிய துவக்கு இருந்தது. சுடவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

காரணம் ஊருக்குச் சொல்லக்கூடியதல்ல. இரணைமடுக் குளத்துக்குக் கீழே காணி கிடைத்து வந்த வருஷமே, ஒரு பசுக்கன்றைக் கொடுத்து வேட்டைக்காரனிடம் வாங்கிய துவக்கு அது. பதிவில்லை. அரை மைலில் ஊர் அதிகாரி விதானையார் வீடு; வெடிச்சத்தம் கேட்டுவிடும். ஆகவே மின்னலைக் கண்டதும் குறிவைத்து, இடியோடு சேர்த்துச் சுடுவார். நாலு வருஷம் அந்தக் கெட்டித்தனம் பலித்தது. ஆனால் கதிர் பால் பிடிக்கிற மார்கழியில் இடி எங்கே வருகிறது? பன்றிக்கு அதெல்லாம் தெரியுமா?

"துவக்கைப் பதிஞ்சுபோடுவம்," என்றாள்.

"பேரை எழுதினா அது எங்கட துவக்கில்லை. போன வருசக் கலவரத்தை மறந்திட்டியே? பண்டிக்கு மட்டுமெண்டா எழுதலாம். மனிசர் வந்தா? அந்த நேரம் பாத்து, பதிவுக் கொப்பியைப் பாத்து வீடு வீடாய் வாங்கிக்கொண்டு போவாங்கள்."

அவள் மறக்கவில்லை. அந்தக் கலவரத்தில் பொலனறுவையிலிருந்து ஓடிவந்த அவளுடைய தமையன் குடும்பம் ஒரு மாதம் இங்கேதான் இருந்தது. வாசலில் இவர் துவக்கோடு இருப்பதைப் பார்த்த பிறகுதான் பிள்ளைகள் கண் மூடினார்கள்.

கட்டை முடிந்துவிட்டுச் சொன்னாள்: "வாங்க வந்தா, தரமாட்டம் எண்டு சொல்ல நான் உங்களுக்குப் பக்கத்தில நிப்பன். கூரைக்குள்ள ஒளிச்சு வச்சுக்கொண்டு எந்த வாயால சொல்லுறது? கையில இருந்தும் சுட ஏலாத துவக்கு எங்கடயோ? எனக்கு நீங்கள் வேணும்."

அவர் கையை உயர்த்திக் கூரை இடுக்கைக் காட்டினார். மறுநாள் சாக்கில் சுற்றிய துவக்கை அவள் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவர் தடியூன்றிப் பின்னால் போனார்.

விதானை செல்வநாயகம் அவர் உட்காரக் கதிரை எடுத்துப் போட்டார். பெயர், காணி இலக்கம் எல்லாம் எழுதினார். "எவ்வளவு காலமாய் வச்சிருக்கிறியள்?"

"இப்பதான்..." அப்புத்துரை செருமினார்.

விதானையார் தலை நிமிரவில்லை. "உங்கட வயலுக்கு மேல மட்டும் இடி ரெண்டு தரம் விழும், அண்ணை. ரெண்டாவது கேட்டா, 'அப்புத்துரை அண்ணை சுகமாய் இருக்கிறார்' எண்டு என்ர மனிசி சொல்லுவா. போன கிழமை ஒண்டும் கேக்கேல்லை."

அப்புத்துரைக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கேட்டார்: "நாளைக்குத் துவக்கை வாங்கச் சொல்லி மேலிடத்துக் கட்டளை வந்தா?"

"வந்தா நான்தான் உங்கட வாசலுக்கு வரவேணும்." பேனை நின்றது. "எந்த முகத்தோட வாறதெண்டு எனக்குத் தெரியாது."

அனுமதி வரும்வரை துவக்கு விதானையார் வீட்டில் இருந்தது. அந்த மூன்று கிழமையும் அப்புத்துரை வெறும் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பன்றிகள் ஒரு மூலை வயலைத் தின்று முடித்தன. பொங்கலுக்கு முதல்நாள் கடுதாசியும் துவக்கும் ஒன்றாக வந்தன.

அன்று பொழுதுபட, வரம்போரம் மூன்று பன்றிகள் இறங்கின. அப்புத்துரை துவக்கை உயர்த்தினார். பழக்கத்தில் கண் வானத்துக்குப் போனது. ஒரு முகில் இல்லை.

அன்னபாக்கியம் பக்கத்தில் வந்து நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அரை மைலுக்கு அப்பால், விதானையார் வீட்டில் யாரோ விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள்.