ஆமை வாங்கிக்கொண்ட நோய்

ஆமையை மல்லாத்தி, அடிவயிற்று ஓட்டைச் சின்ன வாளால் சதுரமாக அறுத்துக்கொண்டிருந்தார் மிருக டாக்டர். பக்கத்தில் நின்ற ஜுரேமாவின் போன் அதிர்ந்தது. அத்தை ஒடலேயா. அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது, உடனே வா என்றாள். எங்கே இருக்கிறாய் என்று அவள் கேட்டதும் ஜுரேமா போனை அணைத்தாள்.

பெலெம் நகரத்தில் இருமல்காரர் வீடுகளில் கட்டிலடியில் ஆமை வளர்ப்பார்கள். நோயை அது வாங்கிக்கொள்ளுமாம். சில நாட்களாக ஆமை இரை எடுக்காமல் கிடந்ததில் அப்பா பெலார்மினோவுக்குத் தலைகால் புரியவில்லை. என் சளி அதற்குப் போய்விட்டது, யாரும் தொடாதீர்கள், சாகட்டும் என்றார். அதன் வயிற்றில் முட்டைகள் சிக்கியிருப்பதாக மகள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. ஜுரேமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்காக அவதிப்பட யாராவது ஒருத்தர் எப்போதும் வேண்டும். அம்மா இருந்தவரை அம்மா. வயிற்றுக் கட்டியை மறைத்துக்கொண்டு, அவர் நெஞ்சில் தைலம் தேய்த்துத் தேய்த்தே போய்ச் சேர்ந்தாள். இன்னொரு உயிரையும் அப்படி விட மனமில்லாமல்தான், துணிக்கூடையில் வைத்து ஆமையைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்திருந்தாள்.

முட்டைகளை எடுத்து, ஓட்டுத் துண்டைத் திரும்பப் பொருத்திப் பசை பூசினார்கள். வீட்டுக்கு வந்ததும் கூடையைப் பின்னறையில் வைத்துவிட்டு அப்பாவிடம் போனாள். அவர் உதடு நீலம் பாய்ந்திருந்தது. காலியாகக் கிடந்த கட்டிலடியைக் காட்டினார்.

"செத்துடுச்சா?"

பிழைத்துவிட்டது என்று முகத்துக்கு நேரே சொல்லத்தான் வழியெல்லாம் நினைத்து வந்தாள். அவர் கண்ணைப் பார்த்ததும் வேறு வார்த்தைதான் வந்தது.

"செத்துடுச்சுப்பா."

அவர் முகம் மலர்ந்தது. "சத்தமே போட்டிருக்காது. உங்கம்மா மாதிரி."

நாளைக்கு எழுந்துவிடுவேன், மீன் சாறு வை என்றார். அது கொதிப்பதற்குள் போய்விட்டார்.

மறுநாள் காலை, சாவுக்கு வந்தவர்களுக்கு நாற்காலி எடுக்கப் பின்னறைக்குப் போன அத்தை, கூடையில் எதுவோ பிராண்டுவதைக் கேட்டுத் துணியை விலக்கினாள். திரும்பி வந்தவள் குரலை உயர்த்தவில்லை.

"என் தம்பி தானா சாகலடி. அது வாங்கின நோயைத் திருப்பி அவன் தலையிலயே கட்டிட்டே."

கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லோருக்கும் காபி வந்தது, அவளைத் தவிர. ஆமைக்கு வந்தது நோயல்ல, முட்டை என்று யாரிடம் சொல்வது? சொன்னாலும் அப்பாவிடம் சொன்ன பொய்க்கு என்ன பதில்?

ஆமையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய் நிழலில் விட்டாள். ஒரு தட்டில் தண்ணீர் வைத்தாள். அது கழுத்தை மெல்ல வெளியே நீட்டியது.

உள்ளே சவப்பெட்டி மூடிக்குத் திருகாணி முடுக்கும் சத்தம் கேட்டது. அவளை யாரும் கூப்பிடவில்லை. தட்டை அதன் வாய்க்குப் பக்கத்தில் நகர்த்தினாள்.