சைவப் பூனை

எண்பத்துமூன்றாம் வருஷம் சுங்குவார்சத்திரம் அரிசி மில் முதலாளி பலராமன் சைவத்துக்கு மாறியபோது, வீட்டுப் பூனையையும் கையோடு மாற்றிவிட்டார். மனைவி ராஜாமணியையே கேட்காதவர் பூனையையா கேட்கப்போகிறார்? ஒரு வருஷமாக அதற்குத் தயிர்ச்சோறுதான்.

வெள்ளிக்கிழமை பஜனைக்கு வருகிறவர்களிடம் அதைக் காட்டிக் காட்டிப் பூரிப்பார். எலி எதிரே ஓடினாலும் பூனை அசையாது.

"பாத்தியா, கொல்ற புத்தியே பூட்ச்சு!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அந்தப் பூனை மகான் தினமும் தண்ணீர்க் குடத்தில் முட்டிக்கொள்வதை ராஜாமணி மட்டும்தான் பார்த்தாள். மாட்டுக்கு ஊசி போட வந்த கால்நடை டாக்டரிடம் காட்டினாள்.

"விழித்திரையில வெளிச்சத்தை வாங்குற செல்லுங்க இருக்கே, அதுல டாரின்னு ஒரு சத்து நிறைய இருக்கும்மா. மாடு, தவளை, நாம, எல்லாருக்கும் உண்டு. மாடு அதைத் தானே செஞ்சுக்கும். பூனைக்குக் கறி, மீன்லேருந்துதான் வரணும். பாதிக் கண்ணு போயிடுச்சு, அது திரும்பாது. மிச்சத்தையாவது காப்பாத்துங்க."

ராஜாமணி இதைச் சொல்லியும் பலராமன் அசரவில்லை. "அதுக்குப் பார்வை உள்பக்கம் திரும்பிகீது. டாக்டருக்கு இன்னா தெரியும்?"

அடுத்த வெள்ளிக்கிழமை பஜனை உச்சத்தில் இருந்தபோது, ராஜாமணி அடுப்படிக் கதவை விரியத் திறந்துவைத்து நெத்திலிக் கருவாடு வறுத்தாள். கண்மூடி உட்கார்ந்திருந்த மகான் எழுந்தார். பலராமனின் மடியை மிதித்து, ஆர்மோனியத்தின் மேல் ஏறி இறங்கி, எதிலும் முட்டாமல் நேராக அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்தார்.

பூனையைத் திட்ட வாயைத் திறந்த பலராமனுக்கு எச்சில்தான் ஊறியது.