ஓடாத ஷூ

...பழைய ஷூவைக் கொண்டுவந்தால்தான் புதியது தருவேன் என்று எந்தக் கடையிலாவது சொல்வார்களா, இங்கே போனில் கேட்டபோது அப்படித்தான் சொன்னார்கள், மகள் போன, கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய கடையில் காசை நீட்டியதும் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், வாசலில் நிற்கும் பொம்மை காலிலும் அதே ஷூதான், வெள்ளை வெளேரென்று, என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் அப்பாவுக்கென்று ஆசையாக வாங்கி வந்தாள், இதைப் போட்டுக்கிட்டு ஓடுறதா, கல்யாணத்துக்குப் போறதா என்று அவர் கேட்டார். அழகுக்கு விற்கிறவனிடம் வாங்காதீர்கள், ஓடுகிறவர்களுக்கென்றே இருக்கும் கடைக்குப் போங்கள் என்று இதய டாக்டர் அன்றே சொன்னார், நான்தான் மூன்று மாதம் கடத்திவிட்டேன், இப்போது முழங்கால் வலிக்கிறது என்கிறார். மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும் அந்த ஷூவைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் கிளம்பி, டாக்டர் சொன்ன மாதிரிக் கடைக்கு வந்தேன். ஒரே அறை, கூரை வரை அட்டைப் பெட்டிகள். கடைக்காரப் பெண் ஒரு காலத்தில் நெடுந்தூரம் ஓடியவளாம், முழங்காலில் பட்டை கட்டியிருந்தாள், ஷூவை மேசையில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், திருப்பினாள், கட்டைவிரலால் அழுத்தினாள், குழந்தை வயிற்றை டாக்டர் அழுத்துவதுபோல. யாரோடது? வீட்டுக்காரரோடது, தினமும் காலையில நாப்பது நிமிஷம் ஓடுறார். அவர் ஓடுறாரா, ஓடுறேன்னு சொல்றாராக்கா?

சிரித்தேன். அவளும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், "இது ஓடின ஷூ இல்லக்கா. நின்ன ஷூ. குதிகால் பாருங்க, புதுசு. முன்பக்கம் மட்டும் அமுங்கியிருக்கு, ரெண்டுலயும் ஒரே மாதிரி. முன்னால சாஞ்சு, குதிகாலைத் தூக்கி நின்னிருக்கார். கதவுல காது வச்சுக் கேக்குறவங்க அப்படித்தான் நிப்பாங்க. துப்பறியும் வேலை பாக்குறாரா?" பிறகு கொண்டை ஊசியால் அடிப்பாகத்துப் பள்ளத்திலிருந்து எதையோ நெம்பி உள்ளங்கையில் தட்டினாள், நீலமாக, கடுகளவு. "மைதானத்து ரப்பரோன்னு பாத்தேன். அது இப்படி உதிராது. இது ஏதோ கால்மிதி."

நீலக் கால்மிதி. எங்கள் வாசல் கதவுக்கு வெளியே கிடக்கிறதே, தூக்கிப் போட வேண்டும், போட வேண்டும் என்று தினமும் அதன் தூளைப் பெருக்குகிறேனே, இரண்டு பேர் மட்டும் மிதிக்கும் கால்மிதி ஏன் இப்படித் தேய்கிறது என்று ஒருநாளாவது கேட்டேனா... ஓடி வந்தவர் சட்டை நனைந்துதான் இருக்கும், ஆனால் வியர்வை வாசம் இல்லை, கீழ்க்குழாய்த் தண்ணீரின் பாசி வாசம், அதுவும் எனக்குத் தெரியும், தெரிந்தும் சோப்புப் போட்டுத் துவைத்தேன். கதவுக்கு வெளியே நாற்பது நிமிடம். அப்படியானால் கேட்டிருக்கிறார். எல்லாவற்றையும்.

ஆஸ்பத்திரி நாளன்று கொழுந்தன் போன் செய்து அண்ணனுக்கு என்ன ஆச்சு அண்ணி என்றபோது எனக்கு வாய் வரவில்லை, ஒரு வார்த்தைகூட, காற்றுதான் வந்தது, அந்தப் பயம் போகவே இல்லை, நிஜமாகவே அப்படி ஒரு நாள் வந்தால் மகளிடம் யார் சொல்வது? அதனால் தினமும் காலையில் அவர் ஓடக் கிளம்பியதும் ஒத்திகை பார்ப்பேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே ஒரு கப் டீ போட்டு, சத்தமாக, ஆமாம்மா, அப்பா போயிட்டார், தூக்கத்துலயே, கஷ்டப்படலை... குரல் உடைந்தால் மறுபடியும் முதலிலிருந்து. உடையாமல் சொல்ல இரண்டு மாதம் பிடித்தது. போன வாரம் சாப்பிடும்போது அவர் தட்டைப் பார்த்தபடியே, தூக்கத்துல போறது நல்லதுதான் இல்ல மேனேஜர், என்றார், மேனேஜர் என்றுதான் என்னைக் கூப்பிடுவார், நான் உளறாதீங்க என்று குழம்பு ஊற்றினேன். முதல் நாள் எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி வந்திருப்பார், சாவியோ கைக்குட்டையோ. அதற்கப்புறம் ஏன் தினமும்? ஓடினால்தான் இதயம் தாங்கும் என்று டாக்டர் அவ்வளவு சொல்லியும் ஓடாமல், தன் சாவை நான் சொல்லிப் பழகுவதைக் கேட்டுக்கொண்டு...

கடைக்காரப் பெண் ஷூவைச் சுற்றித் திருப்பிக் கொடுத்தாள், அவரையே கூட்டிட்டு வாங்க, நிக்கிறவருக்கு ஓடுற ஷூ விக்க மாட்டேன். சரி என்றேன், எப்படிக் கூட்டிவருவது, என்ன சொல்லி, உங்களுக்காகத்தான் பழகினேன் என்றா, இல்லை, எனக்காகத்தானே பழகினேன்... வீடு வந்துவிட்டது. இரண்டாம் மாடி, கதவு, நீலக் கால்மிதி. அதன் நடுவில் இரண்டு பள்ளங்கள், பக்கத்தில் பக்கத்தில், தினமும் பெருக்கியவளுக்கு இன்றுதான் கண்ணில் படுகின்றன. என் கால்கள் அவற்றில்தான் இருந்தன. சாவி கையில் இருந்தது, போடவில்லை. உள்ளே அவர் இருமினார், நாற்காலி நகர்ந்தது, டம்ளர் வைக்கும் சத்தம், ஒன்றுதான், நான் இல்லாத வீடு இப்படித்தான் இருக்குமா, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு... காலடிச் சத்தம் கதவு வரை வந்து நின்றது. தாழ்ப்பாள் அசையவில்லை. அந்தப் பக்கம் மூச்சு விடுவது கேட்டது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை, என் குதிகால்கள் இரண்டும் தரையில் இல்லை.