பருத்திக்கு மருந்தடித்த மருமகள்

செல்லப்பன் வீட்டுப் பெண்கள் பூச்சிமருந்து டேங்கை முதுகில் சுமந்ததில்லை. செந்துறைப் பக்கம் அவர் இதைச் சொல்லிக் கேட்காதவர் கிடையாது. மகன் ராஜவேலுக்கு ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட். மருந்தடிக்க ஆளும் கிடைக்கவில்லை. மருமகள் தென்றல் யாரிடமும் கேட்காமல் டேங்கைத் தூக்கிக்கொண்டு பருத்திக் காட்டில் இறங்கிவிட்டாள். மதியம் அங்கேயே சுருண்டு விழுந்தாள்.

செல்லப்பன் முதலில் செய்த காரியம், சேலைக்கு மேல் அவள் போட்டிருந்த பழைய சட்டையைக் கழற்றச் சொன்னதுதான். பெண்கள் கூடி நல்ல சேலை உடுத்திவிட்டார்கள். கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரிதான் அவள் அரியலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் மஞ்சு அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கியிருந்தது. உடனே ஊசி போட்டுவிட்டுச் செல்லப்பன் பக்கம் திரும்பினார்.

"என்ன ஆச்சுங்க ஐயா?"

"வெயிலுங்க. மயக்கம்."

"பருத்தி பூக்குற மாசம் வந்தா இங்க வர்ற பாதிப் பேரு மயக்கம்னுதான் சொல்றாங்க. பருத்தி வெளையற எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதே கததான். கண்ணப் பாத்தாலே தெரியுது, இது பூச்சிமருந்து. மருந்தக் குடிச்சாங்களா, அடிச்சாங்களா? குடிச்சிருந்தா வயித்தக் கழுவணும். அடிச்சிருந்தா ஒடம்பக் கழுவணும். துணியப் பாத்தா காட்டுக்குப் போன மாதிரி தெரியலயே!"

பக்கத்துக் கட்டிலில் பேரனுக்குக் காவலிருந்த, செல்லப்பனின் ஊர்க்காரி கொளஞ்சியம்மாள் மோவாயில் கை வைத்தாள். "அடி ஆத்தே! மருந்தக் குடிக்கிற அளவுக்கு அந்த வூட்டுல என்னா கொடுமையோ!"

செல்லப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"குடிக்கல. எங்க வூட்டு மருமவ பருத்திக்கு மருந்து அடிச்சா. டேங்கு ஒழுவி முதுவெல்லாம் நனைஞ்சு கெடந்துச்சு. சீலைய மாத்தச் சொன்னது நாந்தான்."

"முதுகக் கழுவுனீங்களா?"

"இல்லைங்க."

நர்சுகள் திரையை இழுத்தார்கள். சோப்பும் தண்ணீருமாக முதுகையும் தலைமுடியையும் அலசி எடுத்தார்கள்.

சாயங்காலம் தென்றல் கண் திறந்தாள். "மாமா, கெழக்கால நாலு வரிசை பாக்கி கெடக்கு."

"கெடக்கட்டும் தாயி. நான் பாத்துக்கிறேன்."

கொளஞ்சியம்மாள் மெல்லக் கிட்டே வந்தாள். "ஏன் மாமா, ஒங்க வூட்டுப் பொம்பளைவ டேங்கு தூக்குனதே இல்லம்பீங்களே?"

"இப்பத் தூக்கிட்டா. ஊருக்குப் போனதும் மொத வேலையா சொல்லு. ஒத்த ஆளா ஒரு ஏக்கரு அடிச்சிருக்கா. கொறச்சுச் சொல்லிடாத."