காலியும் சைபரும்

வெளிச்சம் வருவதற்குள் கமலம்மா ஏணியில் ஏறிவிட்டாள். மழைக்கு முன் சப்ஸ்டேஷனில் கம்பிகளைத் தாங்கும் பீங்கான்களைத் துடைத்தாக வேண்டும். நகரி சாலையின் புழுதியும் விசைத்தறிக் கொட்டகைகளின் பஞ்சும் அவற்றின் மடிப்புகளில் அப்பிக் கிடக்கும். ஈரத்துணியால் ஒரு சுற்று, காய்ந்த துணியால் ஒரு சுற்று. கறுத்த துணியைக் கீழே போடுவாள். கங்கம்மா அலசிப் பிழிந்து மேலே எறிவாள். லைனில் எர்த் ராடு மாட்டியிருந்தது. தவறிப்போய் கரண்ட் வந்தாலும் அது மண்ணுக்கு இழுத்துவிடும்.

தேவசேனா போன பிறகுதான் அந்த ராடு வந்தது.

அவள் என் மனைவி. ஐடிஐ படித்தவள். நான் பி.டெக். தறிப் பேட்டைக்கு மின்சாரம் தரும் இந்தச் சப்ஸ்டேஷனில் இருவருமே ஒப்பந்தக் கூலிகள். நான் உள்ளே மீட்டர் பேனல் முன் உட்காருவேன். அவள் வெளியே யார்டில் கம்பம் ஏறுவாள்.

பேனலில் மீட்டர் இருந்த இடம் இப்போது சதுர ஓட்டை. அதன் மேல் ஆயுதபூஜைக்கு அவள் வைத்த குங்குமம். யாரும் துடைக்கவில்லை. டிரான்ஸ்பார்மர் ஓடும்போது உறுமல் அந்த ஓட்டை வழியாக வருகிறது. சிலசமயம் அதற்குள் அவள் குரலும் இருக்கிறது. "மாமா, மீட்டரு இன்னா காட்டுது?"

கடைசி நாளன்று அவள் அதைக் கேட்டது, பேனலில் எனக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த நாகபூஷணத்திடம். நான் சித்தூருக்குப் போயிருந்தேன். பழைய மீட்டர், தான் அளக்கிற லைனிலிருந்தே தனக்கும் கரண்ட் எடுத்துக்கொள்ளும் வகை. லைன் போனால் எண்களும் அணைந்துவிடும். அதனால் இங்கே எல்லாருக்கும் ஒரே சொல்: காலி. மீட்டர் காலி என்றால் லைன் காலி. தமிழிலும் தெலுங்கிலும் அதே சொல் என்பதால் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அன்று மீட்டர் செத்திருந்தது. லைன் உயிரோடு இருந்தது. நாகபூஷணம் தன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"காலிம்மா."

அவள் ஏறினாள்.

இன்று விடிந்ததும் காண்டிராக்டர் சுரேஷ்பாபு கையில் ஒரு பெட்டியோடு உள்ளே வந்தார்.

"ஹேமநாத், திருப்பதியிலேர்ந்து வாங்கியாந்துட்டேன். சீக்கிரம் மாட்டிட்டு லைன விடு. தறிக்காரங்க போன் மேல போன்."

மீட்டரைப் பின்புறம் திருப்பிப் பார்த்தேன். அளக்கும் கம்பிகளுக்கு மட்டுமே இடம் இருந்தது.

"அதே மீட்டர் சார்."

"அதே சைஸு. ஓட்டையில கரெக்டா ஒக்காரும்."

"பேட்டரியிலேர்ந்து தனி சப்ளை எடுக்கற மீட்டர் கேட்டேன். லைன் போனா சைபர் காட்டணும். மீட்டர் செத்தா மட்டும்தான் இருட்டாகணும்."

"சைபர்னாலும் ஒண்ணும் இல்ல, இருட்டுனாலும் ஒண்ணும் இல்ல. இதுல இன்னாப்பா வித்யாசம்?"

நான் குங்குமத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாகபூஷணம் நாற்காலியிலிருந்து எழுந்தார். அந்த நாளுக்குப் பிறகு அவர் குரலைக் கேட்பதே அரிது. "எனக்குத் தெரியும் சார் வித்யாசம்" என்றார்.

"அதுக்குத்தான ராடு வாங்கிக் குடுத்தேன்? ராடு மாட்டிட்டா மீட்டர் எதுவா இருந்தா இன்னா?"

ஏணியிலிருந்து இறங்கிய கமலம்மா வாசலில் நின்றாள். "ராட மாட்டறது யாரு சார், நீங்களா? லைன் உசுரோட கீறப்ப மாட்டினா, மாட்டறவன் கரிக்கட்ட."

"ஓஹோ. நீயும் இஞ்சினீரா?"

"லேது சார். நீங்க ஒருவாட்டி ஏறுங்க. நாங்க கீழ நின்னு காலின்னு சொல்றோம்."

கங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சுரேஷ்பாபுவின் முகம் சிவந்தது.

"சூளூர்பேட்டையில எனக்கு ஆளு கீது. மத்தியானம் வந்து மாட்டிடுவாங்க. நீங்க நாலு பேரும் வூட்டுக்குப் போய்க்கினே இருங்க. மொதல்ல ராட எடுங்க."

ராடு தொங்கும்வரை லைன் விட முடியாது. அது அவருக்கும் தெரியும்.

"எடுக்க மாட்டோம்" என்றேன். நான்தான் சொன்னேன் என்பது சற்றுப் பொறுத்தே எனக்குப் புரிந்தது. "நல்ல மீட்டரும் பொய் சொல்லும் சார். உள்ள ஒரு ப்யூஸ் போனா, கரண்ட் கீற லைனுக்கும் சைபர்தான் காட்டும். அதனால தூரத்திலேர்ந்தே லைனச் சோதிக்கற டெஸ்டர் கோலும் வேணும். ரெண்டும் வரட்டும்."

நால்வரும் யார்டுக்குப் போய் ராடின் அடியில் ஜல்லி மேல் உட்கார்ந்தோம். வெயில் ஏறியது. ஜல்லி சுட்டது.

தறி ஓட்டும் சீனு சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுக் கத்திக்கொண்டே வந்தான். "இன்னா மாமா, தறியெல்லாம் நின்னு கெடக்குது. இங்க ஒக்காந்துகினு கதை பேசறீங்களா?"

"நல்லாக் கேளு" என்றார், பெட்டியோடு எங்கள் பின்னாலேயே வந்திருந்த சுரேஷ்பாபு.

நாகபூஷணம் சொன்னார். மீட்டரைச் சொன்னார். அந்தச் சொல்லைச் சொன்னார். தன் வாயால் அதைச் சொன்னதையும் சொன்னார். சீனு பெட்டியை வாங்கித் திறந்து வெகுநேரம் பார்த்தான்.

"எங்க ஷெட்டு போர்டுலயும் இதான் கீது. இருட்டாச்சுன்னா கைய வுட்டு ஒயர முறுக்குறோம்."

அவன் போனை எடுத்தான்.

"டேய், கரண்ட்டு இப்ப வராது. இல்லடா, அவங்கள ஏசாத. நீ இங்க வா. அந்தப் பக்கத்து ஷெட்டு ஆளுங்களையும் கூப்டுக்கினு வா."

பெட்டியை சுரேஷ்பாபுவின் கையில் திரும்ப வைத்தான். அவரும் யாரையோ போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சூளூர்பேட்டை ஆட்கள் வரலாம். நாளை எங்களுக்கு கேட் பூட்டியிருக்கலாம். நல்ல மீட்டர் எந்தக் கடையிலோ இருக்கிறது.

சாலையில் தறிக்காரர்கள் வருவது தெரிந்தது. தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. சிலர் கோபமாக வந்தார்கள். சீனு வேலிக்கே போய் அவர்களிடம் பேசினான். ஒருவன் திரும்பிப் போனான். மற்றவர்கள் உள்ளே வந்தார்கள்.

தேவசேனா போனதிலிருந்து யார் பக்கத்திலும் நான் உட்கார்ந்ததில்லை. கமலம்மா என் தோளைத் தட்டினாள்.

"நவுருப்பா. அவங்களும் ஒக்காரட்டும்."

நகர்ந்தேன்.